பாதியில் நின்ற அடக்கம்

ஜனவரி 9

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்துவிட்டேன். நலமா என்று கேட்கும் உரிமையை நான் இழந்துவிட்டேன்; ஆகவே கேட்கவில்லை.

நான் உயிரோடு இருக்கிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது. படுக்கை விரிப்புகள் துவைத்து, உலர்ந்து, சூடாக வந்து விழும். அவற்றை மடித்து அடுக்க வேண்டும். பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் முன்பு என்னவாக இருந்தேன் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

நம் மகளின் அடக்க ஆராதனையை நான் நடத்தியிருக்கக் கூடாது. பக்கத்து சபைப் போதகர் தானே நடத்துவதாக எவ்வளவோ சொன்னார். முடியும் என்று நினைத்தேன். குழியோரம் வந்து, உடலை மண்ணுக்கு மண்ணாக ஒப்புக்கொடுக்கும் கடைசி வாக்கியத்தில் நின்றுபோனேன். புத்தகத்தை மூடினேன். கல்லறையிலிருந்து வெளியே நடந்தேன்; வீட்டுக்கும் வரவில்லை. மீதியை அவர் நடத்தி முடித்திருப்பார். அந்த ஒரு நம்பிக்கையில்தான் என்னால் தூங்க முடிகிறது.

ஆண்டவருக்கு முன்பாகவும் சபைக்கு முன்பாகவும் தோற்றுப்போனவன் இனி மேடையேறுவது முறையல்ல. சபைச் செயலாளரிடம் இதைத் தெரிவித்துவிடு. என்னைத் தேட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் கணவன் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது.


ஜனவரி 18

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

சபை வீட்டுக்கு வந்த கடிதம் கைக்குக் கிடைச்சது; உறையில உங்க ஆஸ்பத்திரி விலாசமும் இருந்துது. அடேயப்பா, என்ன தமிழ்! "உரிமையை இழந்துவிட்டேன், ஆகவே கேட்கவில்லை." கட்டின பொண்டாட்டிக்குக் கடிதம் எழுதச் சொன்னா பிரசங்கம் எழுதியிருக்கீங்க. கிழிச்ச தாளையெல்லாம் அனுப்பியிருக்கலாம். அதுல எங்கேயாவது நீங்க இருந்திருப்பீங்க.

நான் நல்லா இருக்கேன். கேட்காட்டியும் சொல்றேன். சபை வீட்டைக் காலி பண்ணிட்டேன். யாரும் விரட்டலை. செயலாளர் வந்து உட்கார்ந்து, மேலே ஃபேனையே பார்த்துக்கிட்டு, "ஒண்ணும் அவசரமில்லம்மா"ன்னார். அவசரமில்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வீடு தேடி வந்தா என்ன அர்த்தம்? நானே கிளம்பிட்டேன். இப்ப சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேல ஒரு அறை. காத்தடிக்கிற பம்பு சத்தம் காலையில எழுப்பிவிடும். தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற வேலை. நம்ம வாலு சைஸ் வந்தா அதை அடியில சொருகிட்டு மத்ததை முதல்ல முடிப்பேன். கடைசியில எப்படியும் அதுவும் மேல வந்துடுது.

ஞானஸ்நானத்துல நீங்க அவளுக்கு வச்ச அழகான பேரு பள்ளிக்கூட நோட்டு அட்டைக்கு மட்டும்தான் பயன்பட்டுது. வீட்டுக்கும் தெருவுக்கும் சபைக்கும் அவ வாலுதான். உங்க கடிதத்துல "நம் மகள்"னு ஒரே ஒரு இடத்துல வருது. வாலுன்னு ஒரு இடத்துலகூட இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்லாம இருக்க முடியலை. அன்னைக்குக் காலையில பிள்ளையை ஹால்ல கிடத்தியிருந்தோம். காய்ச்சல்ல சுருண்டு போயிருந்த முகம், அப்பதான் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துது. நான் அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். நீங்க பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஒத்திகை பார்த்தீங்க. அடக்க ஆராதனையை. தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டா வெளியே கேட்காதுன்னு நினைச்சீங்க போல. கேட்டுது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுது. வாயேன், வந்து என் பக்கத்துல உட்காரேன்னு உள்ளுக்குள்ள கத்திக்கிட்டு இருந்தேன்.

ஆண்டவர் முன்னாடி தோத்தேன், சபை முன்னாடி தோத்தேன்னு எழுதியிருக்கீங்க. அதுல என் பேரே இல்லையே! குழியோரம் ஒத்தையா நின்னது நான். நீங்க வாந்தி எடுக்கத்தான் போறீங்கன்னு நினைச்சு, கேட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். நீங்க விட்டுட்டுப் போனது சபையை இல்ல.

தேட வேண்டாம்னீங்க. தேடலை. நிம்மதியா மடிங்க.


பிப்ரவரி 3

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் சலவைப் பிரிவின் முகவரிக்கு வந்தது. உறை மேல் "போதகர்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய். வேண்டுமென்றேதான் எழுதியிருப்பாய். மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலும் சத்தமாகப் படித்தார். இங்கே என் பட்டப்பெயர் ஊமை. "ஏய், நம்ம ஊமை போதகராம்டா!" என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு கழிவறைக்குப் போய் உன் கடிதத்தைப் படித்தேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் படித்தேன். பழக்கம் போகவில்லை.

நீ சொன்னது சரி. அந்தப் பட்டியலில் உன் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் தாங்காது என்று எழுதவில்லை.

ஒத்திகையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வகுப்பில் எழுந்து நிற்பதற்கு முன் மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். தப்பாகச் சொன்னால் அப்பா அடிக்க மாட்டார். பேச மாட்டார். ரெண்டு நாள், சில சமயம் ஒரு வாரம், நான் அந்த வீட்டிலேயே இல்லாத மாதிரி நடந்துகொள்வார். அடித்திருந்தால் தேவலை. போதகர் ஆன பிறகு எல்லாரிடமும் கிருபையைப் பற்றிப் பேசினேன். ஆண்டவர் தகுதி பார்த்துக் கொடுப்பதில்லை என்று பேசினேன். அதையும் ஒத்திகை பார்த்துத்தான் பேசினேன். எங்கேயாவது தவறினால் அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்ற பயம் எனக்கு.

அன்றைக்கு நின்றேனா, அவ்வளவுதான், முடிந்தது என்று தோன்றியது. அதனால்தான் விலகி நடந்துவிட்டேன். அவர் முகத்தைத் திருப்புவதற்கு முன் நான் திருப்பிக்கொண்டேன்.

இப்போது சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பதுகூட இல்லை. தட்டைப் பார்ப்பேன், சாப்பிட்டுவிடுவேன்.

முன்பெல்லாம் உன்னை "வாலு அம்மா" என்று கூப்பிடுவேன். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.


பிப்ரவரி 16

வாலு அப்பாவுக்கு,

எப்படிக் கூப்பிடுறதுன்னு கேட்டீங்களே. இப்படித்தான். அவ போயிட்டா அந்தப் பேரும் போயிடுமா? எனக்கு வேற பேரு வேண்டாம்.

உறையில போதகர்னு வேணும்னுதான் எழுதினேன். கோபம். ஊமைன்னு வச்சாங்களா? பேரு வைக்கிறதுல கெட்டிக்காரங்கதான். இந்த உறையில வெறும் விலாசம் மட்டும் எழுதியிருக்கேன், பயப்படாதீங்க.

சாப்பாட்டு ஜெபம்னதும் ஞாபகம் வந்துது. நீங்க தொடங்கினா லேசுல முடிக்க மாட்டீங்க. ஒவ்வொரு வார்த்தையும் இஸ்திரி போட்டு வரும். தட்டுல சாப்பாடு ஆறிப்போகும். வாலு ஒத்தைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பா, நான் கண்ணாலயே அதட்டுவேன். ஒரு நாள் நடுவுல ஏதோ ஒரு வார்த்தை வராம நின்னுட்டீங்க. ஞாபகம் இருக்கா? தொண்டையைச் செருமிட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சீங்க. வாலு கையைக் கூப்பினபடியே, "ஆண்டவரே, அப்பா மறுபடியும் முதல்லேர்ந்து வராரு, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னா. நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். நீங்க சிரிக்கலை. எழுந்து போயிட்டீங்க. பிள்ளை பயந்துபோய், "அப்பாவுக்கு என்மேல கோபமா?"ன்னு கேட்டா. உங்க மேலேயேதான் கோபம்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?

இப்ப நான் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வரேன். போன கடிதத்துலயே எழுதியிருக்கணும். அந்த நம்பிக்கையில தூங்கறேன்னீங்களே, தூங்குங்கன்னு கோபத்துல விட்டுட்டேன்.

பக்கத்து சபைப் போதகர் மீதியை முடிச்சிருப்பார்னு எழுதியிருந்தீங்க. முடிக்கலை. நீங்க கேட்டைத் தாண்டினதும் அவர் முன்னாடி வந்து புத்தகத்தைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடிச்சுட்டேன். "வேண்டாங்கய்யா. அவ அப்பா வந்து முடிப்பார்"னேன். "எப்பம்மா?"ன்னார் பாவம். "வரும்போது"ன்னேன். எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. அப்புறம் மண்ணைத் தள்ளி மூடினாங்க. அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லலை. ஆமென் சொல்லலை. அப்படியே கலைஞ்சு போயிட்டோம்.

அது அங்கேயே நிக்குது. மண் இறுகினப்புறம்தான் கல் வைக்க முடியும்னு கல்லறைக் காவல்காரர் சொல்றார். ஜூன்ல வைக்கலாமாம். வந்து முடிச்சுக் கொடுங்க.

வாலு அம்மா


பிப்ரவரி 27

என்ன காரியம் பண்ணியிருக்கே நீ?

கடிதத்தைப் படிச்சதுலேர்ந்து ஒரு விரிப்புகூட நேரா மடிக்கலை. இத்தனை மாசமா பிள்ளை அந்த வார்த்தைகூட இல்லாம கிடக்கிறாளா? தெரியாத மனுஷருக்கெல்லாம் மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னு சொன்னேன். யாருமே வராத அடக்கத்துக்கெல்லாம் நானும் குழிவெட்டுறவருமா நின்னு சொல்லி முடிச்சிருக்கேன். என் பிள்ளைக்கு இல்லையா? யாரைக் கேட்டு அவர் கையைப் பிடிச்சே? என்மேல இருக்கிற கோபத்தை அவமேல காட்டுவியா?

உடனே அவரைக் கூப்பிட்டு முடிக்கச் சொல்லு. நாளைக்கே. என்னால முடியாது. சத்தியமா முடியாது.

ஏன் முடியாதுன்னும் சொல்லிடறேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த வாக்கியத்துல "நம் சகோதரி"ன்னு வரும். எந்தப் பொண்ணை அடக்கம் பண்ணினாலும் அப்படித்தான். பாத்ரூம்ல சொல்லிப் பார்த்தப்போ வந்துது. குழியோரம் நின்னு, அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தப்போ வரலை. அவ எனக்கு எப்படிச் சகோதரி ஆவா? நாக்குல வேற ஏதோ வந்துது. வாலுன்னு வந்துது. வாலு, எழுந்திருன்னு கத்திடுவேன்னு பயந்தேன். சபை முன்னாடி, அங்கி போட்டுக்கிட்டு. அதுதான் புத்தகத்தை மூடினேன்.

மறுபடி அங்கே வந்து நின்னாலும் அதேதான் நடக்கும். ஒருத்தன் ஒரே குழியோரம் எத்தனை தடவை தோக்கிறது?


மார்ச் 8

வாலு அப்பாவுக்கு,

இதுதான் நீங்க எனக்கு எழுதின முதல் கடிதம். மத்ததெல்லாம் சபைக்கு எழுதினது.

திட்டினீங்க. திட்டுங்க. நீங்க கேட்டது நியாயம். உங்க மேல இருந்த ஆத்திரத்துலதான் பாதி அவர் கையைப் பிடிச்சேன். இந்த மனுஷன் இதைத் தூக்கிக்கிட்டுத் திரியட்டும்னு நினைச்சேன். நல்ல எண்ணம் இல்ல. ஆண்டவர்கிட்ட அதைச் சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்லிட்டேன். மீதிப் பாதி, நீங்க வருவீங்கன்னு நிஜமாவே நம்பினேன். இன்னும் நம்புறேன்.

பிள்ளை அந்த வார்த்தை இல்லாம கிடக்கிறான்னு தவிக்கிறீங்களே, அவ கிடக்கலைங்க. அவ போய்ச் சேர்ந்தாச்சு. உங்க வாக்கியத்துக்காகக் கதவைச் சாத்தி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஆண்டவரை எனக்குத் தெரியாது. நீங்க தப்பில்லாமச் சொல்லியிருந்தா அவ ரெண்டடி முன்னாடி போயிருப்பாளா? பாதியில நிக்கிறது நாம ரெண்டு பேரும்தான். முடிக்க வேண்டியது நமக்காக.

சகோதரின்னு வரலைன்னா மகள்னு சொல்லுங்க. யாரு அடிக்கப் போறா? வாலு எழுந்திருன்னு கத்தினா கத்துங்க. நான் உள்ளுக்குள்ள அன்னைக்கு அதைத்தானே கத்திக்கிட்டு இருந்தேன். நீங்க கத்தியிருந்தா எனக்குத் துணையா இருந்திருக்கும்.

எத்தனை தடவை தோக்கிறதுன்னு கேட்டீங்க. நீங்களே பிரசங்கம் பண்ணின கதைதான். ஆண்டவரைப் பிடிச்சுக்கிட்டுப் போனப்போ, அவரை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு மூணு தடவை சொல்லிட்டு ஓடினாரே அந்த சீஷர், மீன் பிடிக்கிறவர். உயிர்த்தெழுந்து வந்து அவரை மறுபடி பார்த்தப்போ ஆண்டவர் என்ன பண்ணினார்? கரையில நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வச்சு, வந்து சாப்பிடுங்கன்னார். கேள்வி கேட்டதெல்லாம் சாப்பிட்டப்புறம். நீங்க இதைச் சொல்லும்போது எல்லாரும் அழுவாங்க. நீங்க மட்டும் அடுத்த வரியைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க. உங்க அப்பா மாதிரி இல்லைங்க அவர். பேசாம இருந்து கொல்ற ஆள் இல்ல.

பக்கத்து சபைப் போதகரைக் கூப்பிட மாட்டேன்.

வாலு அம்மா


ஏப்ரல் 19

வாலு அம்மாவுக்கு,

பதில் எழுத நாளாயிடுச்சு. இங்கே ஒரு சாவு.

கஞ்சின்னு ஒருத்தரைப் பத்தி நான் உனக்கு எழுதலை இல்ல? துணிக்குக் கஞ்சி போடுற பிரிவு அவரோடது, ஆளும் அதே மாதிரி விறைப்பு. பெரிய விரிப்பை ஒத்தை ஆளா மடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு, உதறி, நடந்து வந்து சேர்க்கணும். மதியத்துக்கு மேல எனக்கு எதிர் முனை அவர்தான். வந்த நாள்லேர்ந்து நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதில்ல. நான் போதகர்னு தெரிஞ்சப்போ எல்லாரும் சிரிச்சாங்க இல்ல, அவர் மட்டும் சிரிக்கலை. போன மாசம் ஒரு நாள், முனையைச் சேர்க்க வந்தவர் கையை விடாம, "என் வீட்டுக்காரி மேல மூணாவது மாடியில படுத்திருக்கா. நாளைக்கு ஆபரேஷன். வந்து ஒரு ஜெபம் பண்ணுவீங்களா?"ன்னார்.

முடியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். உன் கடிதம் சட்டைப் பையில இருந்துது. போனேன்.

நாங்க மடிச்ச விரிப்பு மேலதான் அந்தம்மா படுத்திருந்தாங்க. உடம்பு ஒண்ணுமே இல்ல, கண்ணு மட்டும் இருந்துது. என்னைப் பார்த்துச் சிரிச்சு, எழுந்து உட்காரப் பார்த்தாங்க. நான் கண்ணை மூடி "ஆண்டவரே"ன்னேன். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை இல்ல. ஒத்திகையும் பார்த்துட்டுத்தான் போயிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். எல்லாம் போயிடுச்சு. வாலு கடைசியா படுத்திருந்த கட்டில்தான் கண்ணு முன்னாடி நின்னுது. அழுதுட்டேன். அந்தக் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ஆமென்கூடச் சொல்லாம வெளியே வந்தேன். இன்னொரு தோல்வின்னு நினைச்சேன்.

ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள் இருந்தாங்க. அப்புறம் போயிட்டாங்க.

மறுநாள் கஞ்சி வேலைக்கு வந்துட்டார். சொந்தக்காரங்க வர்றதுக்காக அடக்கம் தள்ளிப் போயிருந்துது; அதுவரைக்கும் வீட்டுல இருக்க முடியலையாம். முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், உதறலை. "அன்னைக்கு நீங்க போனதும் அவ என்ன சொன்னா தெரியுமா?"ன்னார். "வர்றவங்க எல்லாரும் தைரியமா இருங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க, இவரு ஒருத்தருதான் எனக்காக அழுதாரு. ஆண்டவருக்கும் இப்படித்தான் இருக்கும்போலன்னு சொன்னா. அன்னைக்கு நல்லா தூங்கினா."

நான் விரிப்பைக் கீழே போட்டுட்டேன். சுத்தமா துவைச்சு வந்தது. மறுபடி துவைக்கப் போட வேண்டியதாப் போச்சு.

அடக்கத்துக்குப் போனேன். நடத்துறதுக்கு அவங்க சபைப் போதகர் இருந்தார். நான் கஞ்சி பக்கத்துல நின்னேன். "நம் சகோதரி"ன்னு அவர் சொன்னப்போ காலு கேட் பக்கம் திரும்புச்சு. நின்னேன். கடைசி வரைக்கும் ஓடாம நின்னேன். அதைத்தான் உனக்குச் சொல்லணும்னு இருந்துது.

முந்தாநாள் சாப்பிடும்போது தட்டுக்கு முன்னாடி "ஆண்டவரே"ன்னேன். அதுக்கு மேல போகலை. சாப்பிட்டேன்.


மே 2

வாலு அப்பாவுக்கு,

மெஷினை நிறுத்திட்டு உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் கீழே சைக்கிள் கடைக்காரர் மேல வந்து, "என்னம்மா, ரொம்ப நேரமா சத்தமே இல்ல, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டார். கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னேன்.

கஞ்சிகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க. தனியாச் சாப்பிட விடாதீங்க அவரை.

கல் தயாராயிடுச்சு. நீங்க வச்ச பேரு பெரிசா, அதுக்குக் கீழே சின்னதா வாலுன்னு வெட்டச் சொல்லிட்டேன். கல்லறையில செல்லப் பேர் போடுற வழக்கமில்லையேன்னு செயலாளர் இழுத்தார். இந்தப் பிள்ளையை அடக்கம் பண்ணினதே வழக்கப்படி இல்லையேன்னேன்.

ஜூன் எட்டாம் தேதி காலையில கல் வைக்கிறாங்க. கூட்டம் இல்ல. நான், காவல்காரர், கல்வெட்டுறவர். பக்கத்து சபைப் போதகர் ஓரமா நிக்கிறேன்னு சொன்னார், சரின்னேன். அவர் வாயைத் திறக்க மாட்டார்.

நான் உங்களுக்காக நிறைய நாள் காத்திருந்துட்டேன். இனிமே தேதியைத் தள்ள மாட்டேன். நீங்க வரலைன்னா அந்த வாக்கியத்தை நானே சொல்லிடுவேன். பாத்ரூம் கதவு வழியா கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனா நான் ஒத்தையா சொல்லி முடிச்சேன்னா, அதோட எல்லாம் முடிஞ்சுது. அப்புறம் நீங்க அங்கேயும் நான் இங்கேயும்தான். மிரட்டலை. என் தெம்பு அவ்வளவுதான்.

வாலு அம்மா


மே 28

வாலு அம்மாவுக்கு,

வரேன்.

பயமா இருக்கு. பயம் போனதும் வரலாம்னு இருந்தேன். அது போறதா தெரியலை, அதனால அதையும் கூட்டிக்கிட்டே வரேன்.

ஒத்திகை பார்க்கலை. ரெண்டு தடவை வாய் தானா ஆரம்பிச்சுது, நிறுத்திட்டேன். அங்கி வேண்டாம். சாதாரணச் சட்டையில வரேன். நின்னுட்டேன்னா என்ன பண்றதுன்னு தெரியலை. நீ பக்கத்துல நில்லு. எதிர்ல நிக்காதே, பக்கத்துல.

லீவு ரெண்டு நாள்தான் கொடுத்திருக்காங்க. மறுநாள் திரும்பணும்.


ஜூன் 15

வாலு அப்பாவுக்கு,

பத்திரமா போய்ச் சேர்ந்தீங்களா? பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா? ஜன்னல் வழியா கையாட்டினீங்க, நான் திருப்பி ஆட்டுறதுக்குள்ள பஸ் திரும்பிடுச்சு. அதனால இப்ப ஆட்டிக்கிறேன்.

அன்னைக்கு நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருந்தீங்க. நான் மூடலை. உங்களுக்குத் தெரியாத ரெண்டு மூணு விஷயம் சொல்றேன்.

அந்த வாக்கியத்துல நீங்க அதே இடத்துக்கு வந்து, "எங்க..."ன்னு நின்னீங்க இல்ல? ரொம்ப நேரம் நின்னீங்க. பக்கத்து சபைப் போதகர் தன் வாயைத் தானே கையால பொத்திக்கிட்டார், பாவம், வார்த்தை வந்துடுமோன்னு. கல்வெட்டுறவர் தொப்பியைக் கழட்டிட்டு உட்கார்ந்துட்டார். யாரும் உங்களை அவசரப்படுத்தலை. உங்க காலைப் பார்த்தேன். கேட் பக்கம் திரும்பலை. அப்பதான் எனக்குள்ள இத்தனை மாசமா இறுக்கி முடிஞ்சு வச்சிருந்த ஏதோ ஒண்ணு அவிழ்ந்துது. நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரின்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் நான் "மகள்"னேன். உங்களைத் தூக்கிவிடணும்னு சொல்லலைங்க. எனக்கே சொல்லணும்னு இருந்துது.

"எங்க மகளை"ன்னு நீங்க எடுத்தீங்க. "வாலுவை"ன்னீங்க. அதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் என்ன சொன்னோம், எதை முன்னாடி சொன்னோம், எதை விட்டோம்னு எனக்கு ஞாபகமில்ல. மண்ணுக்கு மண்ணுங்கிறதை நீங்க ரெண்டு தடவை சொன்னீங்க. புத்தகத்துல இல்லாத என்னென்னவோ சொன்னீங்க. அவளுக்கு இருட்டுன்னா பயம், பார்த்துக்கங்கன்னு ஆண்டவர்கிட்ட சொன்னீங்க. நீங்க பண்ணினதுலயே ரொம்பத் தாறுமாறான ஆராதனை அதுதான். காவல்காரர் அப்புறம் என்கிட்ட வந்து, "இவ்வளவு வருஷத்துல நான் அழுதது இன்னைக்குத்தாம்மா"ன்னார்.

நீங்க கிளம்பினப்புறம் அறைக்கு வந்து, அடியில சொருகி வச்சிருந்த அந்த சைஸ் யூனிஃபார்மை எடுத்துத் தைச்சேன். தைக்கும்போதே அழுதேன். அவ போனதுலேர்ந்து நான் சத்தம் போட்டு அழுததில்ல, தெரியுமா? யாராவது ஒருத்தர் நிக்கணுமேன்னு நின்னுக்கிட்டே இருந்துட்டேன். இன்னும் வலிக்குது. நாளைக்கும் வலிக்கும். ஆனா உட்கார்ந்து அழ முடியுது.

செயலாளர் வந்தார். மறுபடி ஃபேனைப் பார்த்துக்கிட்டு, "போதகர் திரும்பிப் பிரசங்கம் பண்ணுவாராம்மா?"ன்னார். அவரையே கேளுங்க, நடுவுல நின்னாலும் நிப்பார், காத்திருக்கத் தெரிஞ்ச சபைன்னா கூப்பிடுங்கன்னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு போயிருக்கார். யோசிக்கட்டும், நமக்கு ஒண்ணும் அவசரமில்ல.

அங்கே வேலையை முடிச்சுக்கிட்டு மாசக் கடைசியில வந்துடறதா சொன்னீங்க. வாங்க. ஒரே அறைதான், ஒரே நாற்காலிதான். கஞ்சிக்கு எதிர் முனையைப் பிடிக்க ஆள் பார்த்துக் கொடுத்துட்டு வாங்க. இல்லாட்டி அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க, தரையில உட்கார்ந்து சாப்பிடலாம்.

வந்ததும் சாப்பாட்டு ஜெபம் நீங்கதான் பண்ணணும். நடுவுல நின்னா நில்லுங்க. ஆறிப்போனா சூடு பண்ணிக்கலாம்.

வாலு அம்மா